கீபோர்டுக்குப் போட்ட பிளாஸ்திரி

பிளாஸ்திரியைப் புண்ணுக்குப் போடுவார்கள். எங்கள் சபையில் கீபோர்டுக்குப் போட்டார்கள். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு அன்றைக்கும் சிரிப்பு வரவில்லை, இத்தனை வருஷம் கழித்து உட்கார்ந்து எழுதும்போதும் வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. கொடைக்கானலில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அட்டுவம்பட்டியில் எங்கள் சபையின் சின்னக் கோயிலில் ஆர்கன் வாசிப்பேன். காலால் மிதித்துக்கொண்டே வாசிக்கிற பழைய ஆர்கன். பனிக்காலத்தில் ஈரம் குடித்துக் கட்டைகள் ஊதிவிடும். ஒன்றை அழுத்தினால் பக்கத்தில் உள்ளதும் கூடவே இறங்கும். இறங்கியது எழுந்திருக்காது, நான்தான் நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும். ஒரு நவம்பரில் அதன் துருத்தி கிழிந்து, பாட்டின் நடுவில் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு நின்றுபோனது. பழுது பார்க்க ஆள் கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரில் வேலை பார்த்த சபைக்காரர் ஒருவர் லீவில் ஊருக்கு வந்தார். வரும்போது கோயிலுக்கென்று ஓர் எலக்ட்ரானிக் கீபோர்டு கொண்டுவந்து கொடுத்தார். சபை அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியது. அதில் பியானோ, ஆர்கன், வயலின் என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பட்டன். அதற்கு வலது பக்கம் இன்னொரு வரிசை: மார்ச், வால்ட்ஸ், ராக், சம்பா, டிஸ்கோ. அதில் ஒன்றை அமுக்கினால் பெட்டிக்குள்ளே யாரோ உட்கார்ந்து டிரம்ஸ் அடிப்பது மாதிரி தாளம் தானாக ஓடும். இடது கையால் ஒரு கட்டையைத் தொட்டால் அதற்கேற்ற பேஸும், அந்த அடிக்குரல் சத்தமும், வந்து சேர்ந்துகொள்ளும். மேல் ஓரத்தில் மிளகு அளவில் ஒரு சிவப்பு விளக்கு. ஒவ்வொரு சுற்றிலும் முதல் அடி விழும்போது அது மின்னும்.

பட்டனைத் தட்டினால் போதும், மிஷினே வாசிக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசியவர்களை அதன் முன்னால் கொஞ்ச நேரம் உட்காரவைத்திருக்க வேண்டும். அந்தத் தாளத்தோடு வாசிப்பது ஆர்கன் வாசிப்பது போல இல்லை. நான் தடுமாறினால் ஆர்கனும் என்னோடு தடுமாறும், நான் நின்றால் நிற்கும். இது நிற்காது. நான் விரலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரிக்குப் போய்விடும். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துப் பழகினேன். முதல் வாரம் முழுக்க அதோடு சண்டைதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் எங்கள் சபை பாடும் விதம். பள்ளங்கிப் பக்கமிருந்தெல்லாம் மேடு ஏறி நடந்து வருகிறவர்கள். ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தையும் இழுத்துப் பிடித்து, மூச்சு வாங்கி, எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவார்கள். மிஷினுக்கு இந்தப் பழக்கம் தெரியுமா? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வேகத்தைக் குறைத்துவைத்து, வரி முடிகிற இடத்தில் ஒரு சுற்றை வெறுமனே விட்டுவிடுவது. நான் கையை எடுத்துவிடுவேன், தாளம் மட்டும் ஓடும், ஜனங்கள் மூச்சு வாங்கிக்கொள்வார்கள், அடுத்த சுற்றின் முதல் அடியில் எல்லோரும் சேர்ந்து விழுவோம். அது சரியாக அமைந்த அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு முன்னால் எனக்குத் தபலா அடித்தவர்கள் எல்லாரும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என்னை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். தாங்கள் தப்பு விட்டாலும் என்னைத்தான் முறைப்பார்கள். முந்தாத, முறைக்காத, நடுவில் டீ குடிக்க எழுந்து போகாத முதல் தாளக்காரர் எனக்கு இந்தப் பெட்டிக்குள்தான் கிடைத்தார்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா ரோட்டு வேலையில் இருந்தவர். மன்னவனூர்ப் பக்கம் பாதை அகலப்படுத்தியபோது பாறைக்கு வெடி வைக்கிற கூட்டத்தில் இருந்தார். பல வருஷம் வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டு இரண்டு காதும் போய்விட்டது. பக்கத்தில் நின்று கத்தினால் ஏதோ கேட்கும், அவ்வளவுதான். அம்மா இறந்த பிறகு வீட்டில் நானும் அவரும் மட்டும்.

கோயிலில் பாட ஆசைப்பட்ட மனுஷன் அவரைப் போல வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. பாட்டெல்லாம் மனப்பாடம். ஆனால் சபை எந்த இடத்தில் போகிறது என்று தெரியாது. சபை முடித்து உட்கார்ந்த பிறகும் அவர் குரல் மட்டும் அரை வரி போய்க்கொண்டிருக்கும். பின்வரிசையில் இளவட்டங்கள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குவார்கள். ஒருநாள் அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். அதிலிருந்து பாடுவதை விட்டுவிட்டார். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். ஆர்கனிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் வாசிப்பேன்.

நான் வீட்டில் கீபோர்டு பழகிய நாட்களில் ஒரு சாயங்காலம், அப்பா அதே மேசையில் காப்பியை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். திடீரென்று டம்ளரை நகர்த்திவிட்டு உள்ளங்கையை மேசைமேல் பரப்பி வைத்தார்.

"ஏம்மா, பலகை அதிருதே?"

நான் தலையாட்டினேன். அவர் கண் அந்தச் சிவப்பு விளக்கின்மேல் போனது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது மின்னுறப்பதான் மொத அடியா?"

ஆமாம் என்று விரலால் தட்டிக் காட்டினேன். அவர் மடியில் தாளம் போட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். உட்கார்ந்து பாடுவது அவருக்குப் பிடிக்காது. நான் வாசித்துக்கொண்டிருந்த பாட்டை முதல் அடியில் சரியாகப் பிடித்து, வரி முடிவில் ஒரு சுற்று விட்டு, அடுத்த வரியை எடுத்து, கடைசிவரை என்னோடு வந்து முடித்தார். முடித்துவிட்டு, "இன்னொண்ணு வாசி" என்றார். அன்றைக்கு உலை வைக்கவே மறந்துபோனோம்.

அடுத்த ஞாயிறு கீபோர்டு மேசையைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டேன். எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சின் ஓரத்தில் அப்பாவை உட்காரவைத்தேன். அங்கிருந்து பார்த்தால் விளக்கு நேராகத் தெரியும். தாளத்தின் சத்தத்தை நன்றாகக் குறைத்து, மெதுவான வால்ட்ஸ் ஒன்றைப் போட்டேன். அப்பா பாடினார். யாருக்கும் முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. பெண்கள் பக்கத்தில் ஒரு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இது யாருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறீர்கள்? சபைச் செயலாளருக்கு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தவர். வெள்ளைச் சட்டை, தங்கக் கடிகாரம், எதையும் பூசி மெழுகிப் பேசும் வாய். ஏரிக்கரை ஓட்டலில் சீசனுக்கு வருகிறவர்கள் இதே டக்கு டக்குக்குத்தான் ஆடுகிறார்களாம். ஆராதனையில் அது கேட்டால் ஜனங்களின் மனசு அலையுமாம். எந்த ஜனம், எந்த மனசு? கமிட்டி கூடியது. கமிட்டியில் பெண்கள் கிடையாது. வாசிக்கிறவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அடுத்த ஞாயிறு நான் போய்ப் பார்த்தால், தாளப் பட்டன்கள் இருந்த வரிசை முழுவதும் ஒரே நீளமாக வெள்ளைப் பிளாஸ்திரி. செயலாளரின் கடைச் சரக்கு. நன்றாக நீவி விட்டு ஒட்டியிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் நேராகப் போய்க் கேட்டேன்.

"இது கமிட்டி தீர்மானம் டீச்சர். உங்களுக்குத்தான் பட்டனே தேவையில்லையே, நீங்க நல்லாத்தான வாசிக்கிறீங்க?"

"எனக்குத் தேவையில்லைங்க. எங்க அப்பாவுக்குத் தேவை. அவரு அந்த வெளக்கப் பாத்துத்தான் பாடுறாரு."

"ஒருத்தருக்காக சபையவே மாத்த முடியுமா?"

"சபைய மாத்தச் சொல்லல. சத்தத்தச் சுத்தமா நிப்பாட்டிருறேன். வெளக்கு மட்டும் மின்னட்டும். யாருக்கும் கேக்காது."

அதற்கு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"சத்தம் கேக்காட்டியும் உள்ள ஓடிக்கிட்டுத்தான டீச்சர் இருக்கும்?"

போதகர் பக்கத்தில்தான் நின்றார். நல்ல மனுஷன், ஆனால் கமிட்டியைக் கண்டால் அவருக்கு வாய் வராது. அங்கியை மடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து நான் அழவில்லை. பாத்திரங்களைத்தான் போட்டு உடைத்தேன். அப்பாவுக்குக் காது கேட்காதது அன்றைக்கு ஒருநாள் நல்லதாகப் போயிற்று.

ஆனால் மெடிக்கல் ஷாப்காரருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தது. பிளாஸ்திரி என்பது வெறும் துணி. அதன்மேல் அழுத்தினாலும் பட்டன் உள்ளே போகும். தாளத்தின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, பிளாஸ்திரிக்கு மேலேயே கட்டைவிரலால் ஓர் அழுத்து. சத்தம் இல்லாமல் தாளம் ஓடியது, விளக்கு மின்னியது, அப்பா பாடினார். சபை கேட்டது வெறும் கீபோர்டை மட்டும். அந்த மழைக்காலத்தின் மிச்சமும், அதற்குப் பிறகு பனிக்காலமும் இப்படியே ஓடியது. இதைத் திருட்டுத்தனம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தன் அப்பா பாடுவதற்கு ஒரு மகள் திருட வேண்டியிருந்தால், தப்பு திருடினவளிடம் இல்லை.

போட்டுக்கொடுத்தது அப்பாவேதான். அறுப்பின் பண்டிகை அன்றைக்கு, ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த கேரட்டும் உருளைக்கிழங்கும் வாசலில் ஏலம் போய்க்கொண்டிருந்தது. செயலாளர் அப்பாவின் தோளில் கைபோட்டு, காதோரம் குனிந்து கத்தினார்.

"பெரியவரே, இப்பெல்லாம் நல்லாப் பாடுறீங்களே!"

அப்பாவுக்கு முகமெல்லாம் பல். காது கேட்காதவர்கள் பேசுகிற அந்த உரத்த குரலில், கூடியிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எல்லாம் அந்தச் செவப்பு வெளக்குங்க. எம் மக போட்டுவிடுதுல்ல, அதப் பாத்துக்கிட்டே போனா தப்பாதுங்க!"

செயலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு விளக்கின்மேல் பிளாஸ்திரி இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி, வெளிச்சம் கசியக் கூடாது என்று இரண்டு மடிப்பாக ஒட்டியிருந்தார். ஒரு மிளகு அளவு வெளிச்சத்தை மறைக்க ஒரு பெரிய மனுஷன் வெள்ளனே எழுந்து, கத்திரிக்கோலும் கையுமாகக் கோயிலுக்கு வந்திருக்கிறார். இந்தச் சோலிக்கு அவர் பட்ட சிரமத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்பா விளக்கு இருந்த இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு வாசித்தேன். பின்வரிசை ஆட்கள் மறுபடி சிரித்துவிடக் கூடாதே என்று அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

நகத்தால் கிள்ளி எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆராதனை முடிந்து ஆளில்லாத நேரத்தில் எடுத்தேன். மறுவாரம் புதிதாக இருந்தது. மறுபடி எடுத்தேன். அவர் கடையில் பிளாஸ்திரிக்குப் பஞ்சமா?

பிறகு செயலாளரின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மனுஷன் கேக் பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், மாப்பிள வீட்டுக்காரங்க மதுரையிலருந்து வாராங்க. அங்க பெரிய கோயில்ல எல்லாம் பைப் ஆர்கன்லயே வாசிப்பாங்களாம். நம்ம கோயிலும் களையா இருக்க வேண்டாமா? பொண்ணு உள்ள வரும்போது மார்ச், ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடும்போது வால்ட்ஸ், அந்தத் தாளமெல்லாம் போட்டு வாசிச்சிருங்க."

"மனசு அலையாதுங்களா?"

"கல்யாணம் வேற, ஆராதன வேற டீச்சர்."

வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். கோபத்தைவிட அப்பாவின் பாட்டு எனக்குப் பெரிதாக இருந்தது. "வாசிக்கிறேன். ஆனா ஒட்டுனவங்கதான் பிரிக்கணும். பிரிச்சத மறுபடி ஒட்டக் கூடாது" என்றேன்.

"அதெல்லாம் பாத்துக்கிருவோம்" என்றார். கேக்கை மேசைமேல் வைத்துவிட்டு வெரசாக இறங்கிப் போனார்.

கல்யாணத்தன்று காலையில், கோட்டும் டையுமாக என் முன்னால் குனிந்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேய்த்துத் தேய்த்துப் பிரித்தார். பசை ஊறிப்போயிருந்தது, பிளாஸ்திரியோடு 'சம்பா' என்ற எழுத்தும் உரிந்து வந்துவிட்டது. நான் மார்ச் போட்டேன், பெண் வந்தாள். நடுவில் பாட்டுகள் வந்தபோது அப்பா தன் பெஞ்சு ஓரத்தில் நின்று, விளக்கைப் பார்த்துக்கொண்டு, நெஞ்சு நிறையப் பாடினார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "உங்க சபையில பாட்டு கட்டுக்கோப்பா இருக்கும்மா" என்றார். பக்கத்தில் நின்ற செயலாளர் அந்தப் பாராட்டைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

மறு ஞாயிறு எனக்கு ஒரு முட்டாள்தனமான சந்தோஷம். அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார். பனி விலகாத நேரம். கோயிலுக்குள் போய்க் கீபோர்டின் மூடியைத் திறந்தேன். பட்டன் வரிசைமேல் புதுப் பிளாஸ்திரி. விளக்கின்மேலும் புதுப் பிளாஸ்திரி, இந்தத் தடவை கொஞ்சம் பெரிதாக.

போதகர் பாட்டின் நம்பரைச் சொன்னார். சபை எழுந்து நின்றது. அப்பா நம்பர்ப் பலகையைப் பார்த்துப் புத்தகத்தைத் திறந்துவிட்டு, வழக்கம்போல விளக்கு இருக்கிற பக்கம் கண்ணைக் கொண்டுபோனார். அங்கே ஒன்றும் இல்லை. அவர் கோபப்படவில்லை. எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதே என்று என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, திறந்த புத்தகத்தை மூடினார்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சுவிட்சை அணைத்தேன். எழுந்தேன். கோயிலின் நடுவழியைத் தாண்டி, ஆண்கள் பக்கம் போய், முதல் பெஞ்சில் அப்பாவின் அருகில் நின்றேன். அந்தக் கோயில் கட்டின நாளிலிருந்து ஒரு பொம்பளை ஆராதனை நேரத்தில் அந்தப் பக்கம் கால் வைத்திருக்க மாட்டாள். பின்னால் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. நான் அப்பாவின் புத்தகத்தைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு, அவருடைய இடது கையைப் பிடித்தேன். வெடிக்குழி தோண்டிக் காய்ப்பு ஏறின கை. அந்த உள்ளங்கையில் என் விரலால் தட்டினேன். முதல் அடி அழுத்தமாக, அடுத்த இரண்டும் மெதுவாக. அவர் சட்டென்று புரிந்துகொண்டார். ஒரு சுற்று தலையாட்டிக் கணக்குப் பார்த்தார். இரண்டாவது சுற்றின் முதல் அடியில் பாட்டை எடுத்தார்.

கோயிலில் வேறு யாரும் பாடவில்லை. கீபோர்டு இல்லாமல் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சபை வாயைத் திறந்துகொண்டு நின்றது. அது அவருக்குத் தெரியாது. எல்லாரும் பாடுகிறார்கள், தானும் அவர்களுக்குள் ஒருவராகப் பாடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, கூச்சமே இல்லாமல் முழுக் குரலில் தனியாகப் பாடினார். முதல் வரி முடிந்து அவர் மூச்சு வாங்கினார். நான் ஒரு சுற்று வெறுமனே தட்டினேன். இரண்டாவது வரியில் பெண்கள் பக்கம் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு பின்வரிசை இளவட்டங்கள். சரணத்தில் போதகரும் வாயைத் திறந்தார். அவர் அந்த வருஷத்தில் செய்த ஒரே தைரியமான காரியம் அதுதான். கடைசி வரியில் கோயில் மொத்தமும் அப்பாவின் வேகத்தில், அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, அவர் எடுக்கிற இடத்தில் எடுத்துப் பாடிக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணீர் கொட்டியது. கோபமும் அப்படியே இருந்தது.

பாட்டு முடிந்து சபை உட்கார்ந்ததும் செயலாளர் தன் இடத்திலிருந்து எழுந்து எங்கள் பெஞ்சுக்கு வந்தார். முகம் சிவந்து கிடந்தது. என்னை எங்கே உட்காரச் சொல்வதற்கு வந்தார் என்று எனக்குத் தெரியும். அதற்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியும். சபை முழுவதும் கேட்கிற மாதிரி சொல்லத் தயாராக எழுந்தேன். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, என் கையை விடாமல், கோயில் அதிரும்படி கேட்டார்:

"இன்னைக்கு எல்லாரோடயும் சரியாச் சேந்துக்கிட்டேன்லங்க?"

எல்லாருடைய கண்ணும் செயலாளர்மேல் இருந்தது. ஆமாம் என்று தலையாட்டுவதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று.